பலூன் எங்கே இருக்கிறது? கிரிவலப் பாதையில் ஒரு ஜி.பி.எஸ். பாடம்

"ஜி.பி.எஸ். எப்படி வேலை செய்கிறது?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "செயற்கைக்கோள் மேலே இருந்து நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும் சார். நாம எங்க இருக்கோம்னு அது சொல்லும்" என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் சொல்வார்கள். பெரியவர்களிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதே விடைதான் வரும். கைப்பேசியில் நீலப் புள்ளி நம்மோடு நகர்வதைப் பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு.

உண்மை இதற்கு நேர்மாறானது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளுக்கு நாம் இருப்பதே தெரியாது. அது நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் வானொலி நிலையம்போல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. நம் கையிலுள்ள கருவி அதைக் கேட்டு, கணக்குப் போட்டு, தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கிறது. அந்த இடத்தை வேறு யாருக்காவது தெரிவிக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு வழி வேண்டும். இடத்தை அறிவது ஒரு வேலை. அறிந்ததைச் சொல்வது இன்னொரு வேலை.

இந்த வேறுபாட்டை மாணவர்கள் கையால் தொட்டு உணர, வானில் பறக்கும் பலூனைப் பின்தொடரும் கருவி ஒன்றைச் செய்து பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எங்கள் பள்ளி அறிவியல் மன்ற மாணவர்களுடன் செய்து பார்த்ததை வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நம் தலைக்கு மேல் பறக்கும் பெட்டிகள்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வானிலைத் துறையினர் பலூன்களைப் பறக்கவிடுகிறார்கள். உலக நேரப்படி 0 மணி, 12 மணி, அதாவது நமக்குக் காலை 5.30, மாலை 5.30 ஆகிய நேரங்களை ஒட்டி உலகின் பல நாடுகளிலும் இந்த வேலை நடக்கிறது. பலூனில் தொங்கும் சிறு பெட்டிக்கு ரேடியோசோண்ட் என்று பெயர். அது வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகியவற்றை அளந்து வானொலி அலையில் அனுப்பும். பெட்டி எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதை ஜி.பி.எஸ். மூலம் அறிந்தால், அந்தந்த உயரத்தில் வீசும் காற்றின் திசையும் வேகமும் கிடைத்துவிடும். புயல் எந்தப் பக்கம் நகரும் என்று கணிக்க இந்த அளவீடுகளும் உதவுகின்றன.

பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் ஹொசகோட்டே வளாகத்திலிருந்து எடை குறைந்த கருவிகளைப் பலூனில் அனுப்பி ஆய்வு செய்திருக்கிறது. நம் பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூரில் உள்ள வைணு பாப்பு வான்நோக்ககத்தை நடத்துவதும் இதே நிறுவனம்தான்.

பள்ளி மாணவர்களும் இதில் இறங்கியிருக்கிறார்கள். 2021 பிப்ரவரி 7 அன்று ராமேஸ்வரத்திலிருந்து, மாணவர்கள் உருவாக்கிய 100 சிறு செயற்கைக்கோள்கள் ஹீலியம் பலூன் மூலம் மேலே அனுப்பப்பட்டன. நம் அரசுப் பள்ளி மாணவர்களும் அதில் பங்கேற்றார்கள். அத்தனை மாணவர்களின் உழைப்பையும் சுமந்து சென்ற பெட்டியுடன் ஒரு பாராசூட்டும் ஜி.பி.எஸ். பின்தொடர் கருவியும் இணைக்கப்பட்டிருந்தன. அந்தக் கருவி இல்லாவிட்டால் பெட்டி எங்கே விழுந்தது என்று தேடவே முடியாது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நாங்கள் செய்த பெட்டியில் இருந்தவை இவ்வளவுதான்:

1. ஜி.பி.எஸ். தொகுதி: நியோ-6எம் என்ற வகை. மின்னணுப் பொருள் கடைகளில் எளிதாகக் கிடைக்கும்.
2. ஆர்டுயினோ நானோ: ஜி.பி.எஸ். தரும் எண்களைப் படித்து, தேவையானவற்றை மட்டும் பிரித்தெடுக்கும் சிறு கணினி.
3. லோரா தொகுதி: சிறு செய்திகளை மிகக் குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் அனுப்பும் வானொலிக் கருவி. இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், விதித்துள்ள திறன் வரம்புக்குள் இதை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். வாங்கும்போது இந்த அலைவரிசைக்கு உரியதுதானா என்று கேட்டு வாங்குங்கள்.
4. மெமரி கார்டு: அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் பெட்டிக்குள்ளேயே பதிந்து வைக்கும்.
5. மின்கலமும், எல்லாவற்றையும் வைக்கத் தெர்மாகோல் பெட்டியும்.

பள்ளியில் இன்னொரு லோரா தொகுதியை மடிக்கணினியுடன் இணைத்து, ஆன்டெனாவை மொட்டைமாடியில் கட்டினோம். அது செய்திகளைக் கேட்கும் நிலையம்.

பாகங்களை இணைக்கும் முன் கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து கொள்ளுங்கள்: "கேட்பது", "கணக்கிடுவது", "சொல்வது". ஒவ்வொரு பாகமும் எந்தக் கட்டத்தில் வரும் என்று மாணவர்களே எழுதட்டும். ஜி.பி.எஸ். தொகுதியைச் "சொல்வது" என்ற கட்டத்தில் போடும் மாணவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நான்கு செயற்கைக்கோள்கள் எதற்கு?

மின்னலைப் பார்த்துவிட்டு, இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணி 340-ஆல் பெருக்கினால் மின்னல் எத்தனை மீட்டர் தொலைவில் விழுந்தது என்று சொல்லலாம். ஜி.பி.எஸ். கணக்கும் இதே வகைதான். ஒலிக்குப் பதில் இங்கே வானொலி அலை. வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளிலிருந்து அலை நம்மை வந்தடைய ஒரு நொடியில் 15-இல் ஒரு பங்கு நேரம் ஆகிறது.

ஒரு செயற்கைக்கோளின் தொலைவு தெரிந்தால், அதை மையமாகக் கொண்ட ஒரு கோளத்தின் பரப்பில் எங்கோ இருக்கிறோம் என்று மட்டும் தெரியும். இரண்டு தெரிந்தால் அவ்விரு கோளங்களும் வெட்டும் வட்டத்தில் இருக்கிறோம். மூன்று தெரிந்தால் இரண்டு புள்ளிகள்தான் மிஞ்சும். அவற்றில் ஒன்று பொருந்தாத இடத்தில் இருக்கும்.

அப்படியானால் நான்காவது எதற்கு? செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம். நம் பெட்டியில் இருப்பதோ மலிவான கடிகாரம். ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை வரும். எனவே நீளம், அகலம், உயரம் என்ற மூன்றுடன் நம் கடிகாரத்தின் பிழையும் நான்காவது மாறியாகிறது. நான்கு மாறிகளுக்கு நான்கு சமன்பாடுகள் வேண்டும். ஒருங்கமை சமன்பாடுகள் நடத்தும் கணித ஆசிரியர்கள் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

13.9: தசமமா, நிமிடமா?

ஜி.பி.எஸ். தொகுதியைக் கணினியுடன் இணைத்ததும் எண்கள் வரிவரியாக வந்து விழும். நம் அண்ணாமலையார் கோயில் அருகே நின்றால், அந்த வரியில் 1213.90 வடக்கு, 07904.05 கிழக்கு என்பதுபோல் வரும். இதை அப்படியே நிலப்படத்தில் இடும்போதுதான் மாணவர்கள் தடுமாறுவார்கள்.

முதல் எண்ணில் 12 என்பது டிகிரி. மீதி 13.90 என்பது தசமப் பகுதி அன்று, அது நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். ஆகவே 13.90 ÷ 60 = 0.2317. சரியான அட்சம் 12.2317 டிகிரி. இதை 12.139 என்று படித்தால் வேறுபாடு 0.0927 டிகிரி. வடக்கு தெற்காக ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 111 கி.மீ. என்பதால், புள்ளி 10 கி.மீ. தெற்கே தள்ளிப்போய்விடும். விழுந்த பெட்டியைத் தேடப் போகும் குழு வேறொரு ஊர் வயலில் போய் நிற்கும்!

டிகிரி, நிமிடம் என்று நாம் புவியியலில் நடத்துவது தேர்வுக்கு மட்டுமே என்று நினைக்கும் மாணவருக்கு, இந்த 10 கி.மீ. கணக்கு போதும்.

மலையைச் சுற்றி ஒரு சோதனை

பலூனைப் பறக்கவிடாமலே கருவியைச் சோதிக்க நம் ஊரில் இயற்கையே ஒரு களம் அமைத்துத் தந்திருக்கிறது. நடுவில் 814 மீட்டர் உயர மலை. அதைச் சுற்றி 14 கி.மீ. கிரிவலப் பாதை; பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். கூட்டமில்லாத ஒரு சனிக்கிழமை காலையில், பெற்றோர் ஒப்புதலுடன் சில மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் பெட்டியுடன் நடந்தோம். மலைமீது யாரும் ஏறவில்லை. பாதையில் மட்டும்தான் நடந்தோம். மலைக்குக் கிழக்கே இருக்கும் பள்ளியில் இன்னொரு குழு மடிக்கணினி முன் அமர்ந்து, வரும் புள்ளிகளை நிலப்படத்தில் குறித்தது.

இந்திரலிங்கம், அக்னிலிங்கம்வரை செய்திகள் ஒழுங்காக வந்தன. எமலிங்கத்துக்குப் பின் விட்டுவிட்டு வந்தன. நிருதிலிங்கம் தாண்டியதும் நின்றுபோயின. வருணலிங்கம், வாயுலிங்கம் இரண்டிலிருந்தும் ஒன்றும் இல்லை. குபேரலிங்கத்தை நெருங்கும்போது மறுபடி வரத் தொடங்கி, ஈசான்யலிங்கத்தில் முழுமையாக வந்தன.

"மலைக்குப் பின்னால் ஜி.பி.எஸ். வேலை செய்யவில்லை" என்று பள்ளியில் இருந்த குழு பதிவேட்டில் எழுதியது. நடந்த குழு திரும்பி வந்து மெமரி கார்டைத் திறந்தபோது, வருணலிங்கம் உட்பட எல்லா இடங்களின் புள்ளிகளும் அதில் இருந்தன. நிலப்படத்தில் இட்டதும் மலையைச் சுற்றி முழு வளையம் வந்தது. பெட்டிக்குத் தன் இடம் ஒருபோதும் தெரியாமல் போகவில்லை. அதைப் பள்ளிக்குச் சொல்லத்தான் முடியவில்லை. பதிவேட்டில் எழுதியதை மாணவர்களே அடித்துவிட்டு, "செய்தி வரவில்லை" என்று திருத்தினார்கள். நான் விளக்கியிருந்தால் இவ்வளவு தெளிவு வந்திருக்காது.

ஒரே மலை ஒன்றை மறைத்து இன்னொன்றை மறைக்காதது ஏன்? பத்தாம் வகுப்பு முக்கோணவியல் விடை தருகிறது. ஊர்த் தரையிலிருந்து மலை உச்சி 600 மீட்டருக்குச் சற்று மேல். கணக்குக்கு 625 என்று வைத்துக்கொள்வோம். பாதை வட்டம் என்று கொண்டால் அதன் ஆரம் ஏறக்குறைய 2.2 கி.மீ. பாதையிலிருந்து உச்சியைப் பார்க்கும் ஏற்றக்கோணத்தின் டேன்ஜென்ட் 625 ÷ 2200 = 0.28. கோணம் ஏறக்குறைய 16 டிகிரி. அதாவது மலை மறைப்பது வானத்தின் ஒரு பக்கத்தில் அடியில் உள்ள 16 டிகிரியை மட்டுமே. அதற்கு மேலே வானம் திறந்துதான் கிடக்கிறது. செயற்கைக்கோள்கள் அங்கே போதுமான அளவு இருக்கின்றன. ஆனால் பள்ளி ஆன்டெனா இருப்பதோ மலைக்கு நேர் அந்தப் பக்கம்.

4 கிலோமீட்டரும் 600 கிலோமீட்டரும்

மேற்குப் பக்கத்துக்கும் பள்ளிக்கும் இடையே நேர்கோட்டில் 4 கி.மீ. அளவுதான் இருக்கும். அங்கிருந்தே கேட்காத பெட்டி, பலூனில் போனால் எப்படிக் கேட்கும்? மாணவர்கள் கேட்ட இந்தக் கேள்விக்குக் கார்த்திகை தீபத்தை வைத்து விடை சொன்னேன்.

மலை உச்சியில் ஏற்றும் தீபம் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் தெரிகிறது. எவ்வளவு தூரம்வரை தெரிய முடியும்? பூமியின் மையம், தீபம், பார்வை பூமியைத் தொடும் புள்ளி ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம். பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்திச் சுருக்கினால் எளிய சூத்திரம் கிடைக்கும்: கி.மீ. அளவில் தொலைவு = 3.57 × மீட்டர் அளவில் உயரத்தின் வர்க்கமூலம். 625-இன் வர்க்கமூலம் 25. 3.57 × 25 = 89 கி.மீ. இது வடிவியல் தரும் உச்ச வரம்பு. பனிமூட்டமும் இடையில் உள்ள குன்றுகளும் அதற்கு முன்பே மறைத்துவிடும்.

இப்போது அதே சூத்திரத்தில் பலூனின் உயரத்தை, 30,000 மீட்டரைப் போட்டுப் பாருங்கள். வர்க்கமூலம் 173. தொலைவு 618 கி.மீ. திருவண்ணாமலைக்கு மேலே 30 கி.மீ. உயரத்தில் ஒரு பலூன் நின்றால், இடையில் உள்ள மலைகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால், கன்னியாகுமரியும் ஐதராபாத்தும் அதன் நேர்பார்வைக்குள் வரும். வானொலி அலைக்குத் தூரத்தைவிடத் தடையில்லாத நேர்பார்வைதான் முக்கியம். அதனால்தான் மிகக் குறைந்த திறனில் அனுப்பும் செய்தியும் பலூனிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வந்து சேர்கிறது.

பலூன் கீழே இறங்கியதும் இந்த வசதி போய்விடும். தரையைத் தொட்ட பெட்டி, வருணலிங்கம் அருகே இருந்த எங்கள் பெட்டியின் நிலைக்கு வந்துவிடுகிறது. பேசும், யாருக்கும் கேட்காது. கடைசியாகக் கேட்ட செய்தியை வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். இதற்கும் எங்கள் மாணவர்கள் பயிற்சி எடுத்தார்கள். செய்தி நின்ற நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, அதுவரை நடந்த வேகத்தைக் கணக்கிட்டு, "அரை மணி நேரத்துக்குப் பின் இங்கே இருப்பார்கள்" என்று நிலப்படத்தில் புள்ளி வைத்தார்கள். பிறகு மெமரி கார்டுடன் ஒப்பிட்டார்கள். நடந்தவர்கள் மோர் குடிக்க நின்ற நேரம் எவருடைய கணக்கிலும் இல்லை என்பதுதான் அன்றைய பெரிய சிரிப்பு.

உண்மையாகவே பறக்கவிட வேண்டுமென்றால்

நாங்கள் பலூனைப் பறக்கவிடவில்லை. கட்டில்லாத பலூனை நினைத்தவுடன் வானில் விடக் கூடாது. விமானங்கள் செல்லும் வழி அது. விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் அனுமதி, காவல்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் முன்தகவல் எல்லாம் வேண்டும். பள்ளி தனியாகச் செய்யாமல், இதில் அனுபவமுள்ள ஆராய்ச்சி நிறுவனம் அல்லது பொறியியல் கல்லூரியுடன் சேர்ந்து செய்வதே முறை. அப்படி ஒரு வாய்ப்பு வரும்போது மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

உயர வரம்பு: நியோ-6எம் தொகுதி வாங்கியபடியே இருந்தால் 12 கி.மீ. உயரத்துக்கு மேல் இடம் காட்டாது. வானூர்திக்கான நிலைக்கு நிரலில் மாற்றினால் 50 கி.மீ. வரை காட்டும். வேறு சில தொகுதிகள் 18 கி.மீ.க்கு மேல் நின்றுவிடும். ஏவுகணைகளுக்குப் பயன்பட்டுவிடக் கூடாது என்று வைத்த கட்டுப்பாட்டின் விளைவு அது.

குளிர்: நம் பகுதியில் 16, 17 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 75 டிகிரிக்கும் கீழே போகும். சாதாரண மின்கலம் சோர்ந்துவிடும். தெர்மாகோல் பெட்டி இதற்காகத்தான்.

காற்று: பலூன் நொடிக்கு 5 மீட்டர் வீதம் ஏறினால் 30 கி.மீ. செல்ல 100 நிமிடம் ஆகும். அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. உப்பிக்கொண்டே போகும் பலூன் வெடிக்கும். பெட்டி பாராசூட்டில் இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், கீழே வீசும் மேற்குக் காற்று பலூனைக் கிழக்கே கொண்டுபோகும். உயரே வீசும் கீழைக்காற்று, மணிக்கு 100 கி.மீ.ஐயும் தாண்டும் வேகத்தில் அதை மேற்கே திருப்பிவிடும்.

கைப்பேசி: "ஒரு போனை உள்ளே வைத்தால் போதாதா சார்?" என்று நிச்சயம் கேட்பார்கள். கைப்பேசிக் கோபுரங்கள் தரையில் இருப்பவர்களுக்காகக் கீழ்நோக்கி அலை வீசுகின்றன. சில கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் தொடர்பு கிடைப்பது அரிது. தரையிறங்கிய பின் இடம் சொல்ல வேண்டுமானால் அது உதவும்.

முகப்புச் சீட்டு: வயலில் வந்து விழும் பெட்டியைப் பார்ப்பவர் அஞ்சக் கூடாது. "இது மாணவர்களின் அறிவியல் சோதனைப் பெட்டி. இதனால் ஆபத்து இல்லை" என்ற வரிகளும் பள்ளியின் முகவரியும் பெட்டியின் மேல் இருக்க வேண்டும். விவசாயி ஒருவருக்குப் புரியும்படி ஐந்து வரி எழுதுவது தமிழ் வகுப்புக்கு நல்ல பயிற்சி. காற்று ஆந்திரப் பக்கமும் கொண்டுபோகலாம் என்பதால் தெலுங்கிலும் எழுதி ஒட்டலாம்.

தொடக்க வகுப்புகளில் கருவியே இல்லாமல்

விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புப் பொடியால் ஆறுக்கு ஆறு கட்டங்கள் வரையுங்கள். ஒரு பக்கம் எண்கள், இன்னொரு பக்கம் எழுத்துகள். ஒரு குழந்தை "பெட்டி", கட்டங்களுக்குள் நடக்கும். நான்கு மூலையில் நிற்கும் குழந்தைகள் "செயற்கைக்கோள்கள்". அவரவர் மூலையின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். "பெட்டி" தன் கட்டத்தைப் பார்த்து "இ-4" என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். வெளியே நிற்கும் இன்னொரு குழந்தை அதைக் கேட்டுத் தாளில் குறிக்க வேண்டும். கேட்கும் குழந்தையை வகுப்பறைச் சுவருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு மறுபடி விளையாடுங்கள். "பெட்டிக்குத் தன் இடம் தெரியுமா? கேட்பவருக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தையும் சரியாகச் சொல்லிவிடும்.

நடுநிலை வகுப்புகளில் வானவில் மன்றச் செயல்பாடாகவும், உயர்நிலை வகுப்புகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் புள்ளிகளை நிலப்படமாக்கும் செயல்பாடாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் அண்ணாமலை இல்லாவிட்டாலும் ஏரிக்கரை, பாறைக்குன்று, உயர்ந்த கட்டடம் என்று ஏதாவது மறைப்பு இருக்கும், அது போதும். ஆர்வம் கொள்ளும் மாணவர்களிடம் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வைப் பற்றியும் சொல்லுங்கள். 12 வயது நிறைந்தவர்கள் அதை எழுதலாம். எங்கள் மன்றத்தில் மூன்று பேர் இப்போது அதற்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.